வராத சண்டை

அந்த ஹிஸ்டரி மிஸ்ஸை நினைத்தாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது என் கோ-கோ மைதானம் சேறாகிக் கிடந்த கோலம்தான்.

நான் உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற வழியில் இருக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பி.டி. வாத்தியார். போட்டி வருகிறதே என்று கல் பொறுக்கி, பள்ளம் தூர்த்து, உருளை இழுத்து அந்த மைதானத்தைப் பார்த்துப் பார்த்துத் தயார் பண்ணியிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்க்கிறேன், ஓர் ஓரமாகப் பாத்தி கட்டியிருக்கிறது. வரப்பு போட்டு, தண்ணீர் நிறுத்தி, முளைகட்டிய நெல் தெளித்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே கத்தினேன்.

"யாரு பண்ண வேலை இது?"

பின்னாலிருந்து பதில் வந்தது. "நான்தான் சார். அமெரிக்கா."

திரும்பினால் மிஸ். ஒரு கையில் குடை, ஒரு கையில் செருப்பு, கணுக்கால் வரைக்கும் சேறு. சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. இந்த மாதிரி ஒரு மனுஷியிடம் எப்படிச் சண்டை போடுவது?

வாலாஜாபாத்திலிருந்து பஸ் மாறி வருவார். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். நிரந்தர வேலை கிடையாது. காலியாகக் கிடந்த இடத்துக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகம் தன் பொறுப்பில் வைத்திருந்த தற்காலிக ஆசிரியர். வருஷக் கடைசியில் கழகம் கூடி, இருக்கட்டும் என்றால் ஜூன் மாதம் வருவார். வேண்டாம் என்றால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். வீட்டில் அப்பா பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். இந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பேருக்கும் சாப்பாடு, அவருக்கு மருந்து எல்லாம். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவர் செய்வதையெல்லாம் பார்த்து எனக்குப் பயமாக இருக்கும்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. யாரையும், எதையும், இப்படிச் செய் என்று சொல்லவே மாட்டார். ஒரு பொருளைக் கொண்டுவந்து நடுவில் வைப்பார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார். நடப்பது நடந்து முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "நான் சொன்னனா?"

கொரோனா முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வருஷம், ஆசிரியர் அறைக்குப் புதிதாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. இறக்கி வைக்கச் சொன்னது அவரிடம். எல்லாவற்றையும் வட்டமாகப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஒரு வாரம் போனது. வட்டம் எப்போது வரிசையானது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஃபேனுக்குக் கீழே முதுகலை ஆசிரியர்கள், அடுத்து பட்டதாரிகள், சுவரோரம் நானும் ஓவிய வாத்தியாரும். வாரத்துக்கு மூன்று நாள் வந்துபோகிற தையல் டீச்சர் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே டீ குடித்தார். காலி நாற்காலி ஒன்று அவருக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"உக்காருங்க டீச்சர்னு யாருமே சொல்லல. உக்காராதீங்கன்னும் சொல்லல. வட்டமா போட்டது நான்தான். வரிசையா நான் போடச் சொன்னனா சார்?" என்று என்னிடம் கேட்டார்.

அத்தனை நாளாக அதே அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவன் நான்.

இன்னொரு தடவை எங்கள் தலைமை ஆசிரியர் பிரேயரில் வழக்கம் போலக் கல்வெட்டுப் பெருமையை எடுத்தார். உத்திரமேரூர்க்காரர்களுக்கு மைக் கிடைத்தால் அது இல்லாமல் பேச்சு முடியாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடத்தில் ஓலை போட்டுத் தேர்தல் நடத்திய மண் இது, உலகத்துக்கே நாம்தான் வழிகாட்டி, என்று முடித்துவிட்டு இறங்கினார். மிஸ் அவர் பக்கத்தில் போய், "அந்தக் கல்வெட்டுல யார் யார் நிக்கலாம்னும் எழுதியிருக்கே சார், அதையும் பசங்களுக்குச் சொல்லலாமா?" என்று கேட்டார்.

"இன்னா எழுதியிருக்கு?"

"நிலம் இருக்கணும். சொந்த மனையில வூடு இருக்கணும்."

தலைமை ஆசிரியர் முகம் சுருங்கிப் போனது. அவர் கெட்டவர் இல்லை. படித்த விஷயம்தான், ஆனால் அந்த வரியில் அவர் நின்று பார்த்ததே இல்லை. அந்த வாரம் முழுக்க மிஸ்ஸிடம் அவர் பேசவில்லை. கழகத் தலைவரிடம் மட்டும், "இந்தம்மா கொஞ்சம் பேஜார் புடிச்ச கேஸு" என்று சொன்னதாகக் கேள்வி.

கழகத் தலைவர் ஊர்த்தெருக்காரர். ஏரிப் பாசனத்தில் நல்ல நிலமாக வைத்திருந்தவர். எங்கள் பள்ளிக்கு ஊர்த்தெருப் பிள்ளைகளும் வருவார்கள், ஏரிக்கரைத் தெருப் பிள்ளைகளும் வருவார்கள். முதல் தெருவுக்கு நிலம் சொந்தம். இரண்டாவது தெரு அந்த நிலத்தில் நாற்று நடவும் களை எடுக்கவும் போகும். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. வகுப்பில் எல்லோரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள், ஒரே பிரியாணிக்குத்தான் சண்டை போட்டார்கள். நாங்களும் காலம் மாறிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

இப்போது அமெரிக்காவுக்கு வருகிறேன்.

பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு பாடம். இங்கிலாந்திலிருந்து போய் அமெரிக்கக் கரையில் குடியேறினார்களே, அவர்கள் எப்படி இடத்துக்கு ஒரு மாதிரி ஆனார்கள் என்பது. பாடத்தைத் திறக்கவே இல்லை மிஸ். என்னிடம் வந்து கோடு போடுகிற சுண்ணாம்புத் தூளைக் கேட்டார். நான் மூட்டையைப் பூட்டி வைத்திருப்பவன். எப்படியோ கொடுத்தேன்.

மைதானத்தில் நான்கு கட்டம் போட்டார். வடக்கே ஒன்று, சின்னது, முழுக்கச் செங்கல் துண்டும் கருங்கல்லும். வேலியோரமாக நீளமாய் ஒன்று. அதில் யார் ஒரு ஆளைப் புதிதாகக் கூட்டிவந்தாலும் கூட்டிவந்தவருக்கு இன்னொரு துண்டு நிலம். கேட் பக்கத்தில் ஒன்று. அங்கே யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான்காவது அந்த நெல் பாத்தி. அதில் தண்ணீர் காயக் கூடாது, அதற்கு நாலு குடம். குழாயோ மைதானத்தின் அந்தக் கோடியில், கழிப்பறைக்குப் பின்னால். சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆள் பிரித்ததால் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு தெருவும் கலந்துதான் இருந்தது.

"எல்லாருக்கும் ராஜா ஒருத்தர்தான். எச்.எம். ரூம்ல கீறார், கடலுக்கு அந்தாண்ட. பாஷை ஒண்ணு, சாமி ஒண்ணு. வேலைய எப்படிப் பிரிச்சிக்கறதுன்றது உங்க இஷ்டம். வெள்ளிக்கிழமை வந்து பாக்கறேன் யார் எப்படி இருக்கீங்கன்னு." இவ்வளவுதான் சொன்னார். புங்க மரத்தடியில் போய் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

தினமும் கடைசி பீரியட். எனக்கும் அப்போது மைதானத்தில்தான் வேலை, அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன்.

கல்லுக் கட்டத்துப் பசங்கள் முதல் நாளே செங்கல்லை அடுக்கி நடுவில் ஒரு மேடை கட்டினார்கள். தினமும் அதைச் சுற்றிக் கூட்டம். சத்தம் போட்டால் அபராதம், லேட்டாக வந்தால் அபராதம். இரண்டாம் நாள், இந்தச் சட்டமெல்லாம் யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்று ஒருத்தன் வாயைத் திறந்தான். கூடிப் பேசி, ஓட்டுப் போட்டு, அவனைக் கட்டத்தை விட்டே வெளியே தள்ளிவிட்டார்கள். அவன் நேராகக் கேட் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டான். அங்கே வேர்க்கடலை வியாபாரம் ஜோராக நடந்தது. ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் குஷியாக இருந்தார்கள். வேலியோரத்துப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புப் பொடிசுகளைப் பிடித்துவந்து, மூன்று நாள் வேலை செய்தால் முறுக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் முறுக்கு நாலாம் நாளுக்குத் தள்ளிப் போனது. பொடிசுகள் என்னிடம் வந்து அழுதன.

எனக்கு ஒரே சிரிப்பு. சரியான மனுஷிதான் என்று மெச்சிக்கொண்டு, அதுவரை சரியாகக் கவனிக்காத நெல் பாத்திப் பக்கம் திரும்பினேன். அங்கே பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாத்தியில் தண்ணீர் தளும்ப நின்றது. நெல் முளை பச்சென்று தலைகாட்டியிருந்தது. மற்ற மூன்று கட்டத்திலும் காது கிழிகிற கூச்சல், இங்கே மட்டும் சத்தமே இல்லை. கழகத் தலைவர் மகன் கார்த்தியும் இன்னும் சில பேரும் வரப்புக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது போல ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். மிச்சப் பேர் குழாய்க்கும் பாத்திக்கும் குடம் சுமந்தார்கள். வெறுங்காலோடு, அந்த மாசி வெயிலில். முன்னால் போனவள் ரேவதி. வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பெண். சுமந்தவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரேவதி, அவளுக்குப் பின்னால் அவள் சித்தப்பா மகன், அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி. எல்லோரும் ஏரிக்கரைத் தெரு. உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தர் கூட அந்தத் தெரு இல்லை.

யாரும் மிரட்டவில்லை. யாரும் முறைக்கவில்லை. கார்த்தி ரேவதியைப் பார்த்து, "போதும் ரேவதி, தண்ணி குடிச்சிட்டு வா" என்று அன்பாகத்தான் சொன்னான். அவளும் "சரிடா" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இறக்கினாள். இரண்டு பேரும் சிநேகிதர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புங்க மரத்தடிக்கு ஓடினேன். மிஸ் முகத்தில் ரத்தமே இல்லை.

"மிஸ், பாத்தீங்களா?"

"மொத நாள்லருந்து பாத்துக்கினுதான் இருக்கேன் சார்."

"அப்ப நிறுத்த வேண்டியதுதானே?"

"சண்டை வரும்னு நெனச்சேன் சார். யார் தண்ணி தூக்கறதுன்னு கண்டிப்பா அடிச்சிக்குவாங்க, அதை வெச்சிப் பாடத்த ஆரம்பிக்கலாம்னு இருந்தேன். கல்லுக் கட்டத்துல சண்டை வந்திச்சி. கடலைக்குச் சண்டை வந்திச்சி. முறுக்குக்குக் கூட வந்திச்சி. இங்க வரல சார். இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு பாக்கறேன். வரவேயில்ல."

"நீங்க போய் நிறுத்துங்க."

"நான் நிறுத்துனா அப்புறம் அது நான் சொன்னதா ஆயிடும் சார். அவங்களே..."

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. விசிலை எடுத்து ஊதினேன். ஆட்டம் அங்கேயே நின்றது. அப்போது கூட ரேவதி கையிலிருந்த குடத்துத் தண்ணீரைப் பாத்தியில் ஊற்றிவிட்டுத்தான் வந்தாள்.

வெள்ளிக்கிழமை மிஸ் புத்தகத்தைத் திறந்தார். நான் வராந்தாவில் நின்று கேட்டேன். வடக்கே போனவர்கள் ஊர் ஊராகக் கூடி, சபை கட்டி, பள்ளிக்கூடம் வைத்து, ஒத்துப் போகாதவர்களை விரட்டியதைச் சொன்னார். ஆற்றோரம் புகையிலை போட்டவர்கள் ஆள் பிடித்து நிலம் சேர்த்ததை, முதலில் ஒப்பந்தக் கூலி, பிறகு ஆயுசுக்கும் அடிமை என்று போனதைச் சொன்னார். நடுவில் கோதுமையும் வியாபாரமுமாக, பல சாமி கும்பிடுகிறவர்களும் கலந்து வாழ்ந்ததைச் சொன்னார். கடைசியில் தெற்கே, நெல். நெல் விளைகிற ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஆட்களைச் சங்கிலி போட்டுக் கொண்டுவந்து சேற்றில் இறக்கியதையும், நிலத்துக்காரர்கள் காய்ச்சலுக்குப் பயந்து தூரத்து டவுனில் போய் உட்கார்ந்துகொண்டதையும் சொன்னார்.

"அங்க சங்கிலி போட வேண்டியிருந்திச்சி. துப்பாக்கி, சவுக்கு, சட்டம், அத்தனையும் தேவைப்பட்டிச்சி." புத்தகத்தை மூடினார். "நான் உங்களுக்கு இன்னா குடுத்தேன்? நாலு கொடம். யார் தூக்கணும்னு நான் சொன்னனா?"

கார்த்தி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரேவதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலமே விஷயம் இரண்டு தெருவுக்கும் போய்விட்டது. ஊர்த்தெருவில், எங்கள் பிள்ளைகளை வெள்ளைக்காரக் கொடுமைக்காரர்கள் என்று சொல்லிவிட்டார் என்று கோபம். ஏரிக்கரைத் தெருவில், எங்கள் பிள்ளைகளை அடிமையாக்கி விளையாட்டுக் காட்டினார் என்று கோபம். அடுத்த புதன்கிழமை கழகக் கூட்டம். மிஸ் ஜூன் மாதம் வருவாரா மாட்டாரா என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிடுவது என்று தலைவர் சொல்லிவிட்டார்.

நான் தெரிந்த ஒரு வார்டு மெம்பரிடம் சிபாரிசுக்குச் சொல்லி, கடைசியில் மிஸ்ஸிடமே போய்க் கெஞ்சினேன். "மன்னிச்சிக்குங்க, தெரியாம நடந்துடுச்சின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மிஸ். அப்பாவை நெனச்சிப் பாருங்க."

"நெனைக்காம இருக்கேனா சார்?" என்றார். அவ்வளவுதான்.

கூட்டம் பள்ளிக்கூட ஹாலில். மிஸ் முன்னதாகவே வந்து நாற்காலிகளைப் போட்டிருந்தார். வட்டமாக. பார்த்ததுமே எனக்குப் பகீரென்றது.

ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஊர்த்தெருக்காரர்கள் மேசைக்கு முன்னால். வாத்தியார்கள் நாங்கள் பக்கவாட்டில், ஃபேனுக்குக் கீழே தொடங்கி வரிசையாக. ஏரிக்கரைத் தெருவிலிருந்து வந்தவர்கள் உள்ளே வராமல் வராந்தாவில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன.

தலைவர் ஆரம்பித்தார். "இன்னா மிஸ், பாடம் நடத்தச் சொன்னா ஊர்ல சண்டை மூட்டிக்கினு கீறீங்க? அமெரிக்காக்காரன் பண்ண பாவத்துக்கு எம்புள்ள இன்னா பண்ணுவான்?"

மூலையில் என்னுடைய சுண்ணாம்புத் தூள் வாளி இருந்தது. மிஸ் அதை எடுத்தார். குனிந்து, முன் நாற்காலிகளைச் சுற்றி ஒரு கோடு போட்டார். எங்கள் வரிசையைச் சுற்றி ஒன்று. வாசற்படியில், வராந்தாவுக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒன்று. வாளியை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய கேள்வியை அவர் கேட்கவே இல்லை. எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

நான் என் காலடியைப் பார்த்தேன். வெள்ளைக் கோடு என் செருப்பைத் தொட்டுக்கொண்டு போயிருந்தது. தலைவர் வாய் திறந்தபடியே இருந்தது.

வராந்தாவில் ஒரு சலசலப்பு. ரேவதியின் அம்மா. நடவு வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், புடவைக் கரையில் சேறு காய்ந்திருந்தது. வாசற்படிக் கோட்டை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தார். வந்து, தலைவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, அங்க ஆம்பளைங்க பேசிக்கினு..." என்று யாரோ சொன்னார்கள்.

"எங்க வேணா பேசு. நான் இங்கதான் உக்காருவேன்." தலைவர் பக்கம் திரும்பினார். "உம்புள்ள கெட்டவன் இல்ல. எம்பொண்ணும் முட்டாள் இல்ல. அப்புறம் எப்பிடிய்யா கொடம் அவ தலைக்கு வந்திச்சி? நீ சொல்லு. நாளைக்கு உன் கழனியில எறங்கறதுக்கு முன்னாடி எனக்கு இது தெரியணும்."

"இன்னாம்மா மரியாதை இல்லாம..." என்று நாலு பேர் எழுந்தார்கள். வராந்தாவிலிருந்து ஒருத்தர் ஒருத்தராக உள்ளே வந்தார்கள். நாற்காலி கவிழ்ந்தது. தலைவர் கத்தினார், ரேவதியின் அம்மா அதற்கு மேல் கத்தினார். அன்றைக்கு வரைக்கும் அந்த ஊரில் இந்த இரண்டு குரலையும் ஒரே உயரத்தில் நான் கேட்டதில்லை. மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் கண் கலங்கி, லேசாகச் சிரிக்கப் போகிற மாதிரி இருந்தது.

அப்போது அந்த அம்மா மிஸ் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னா சிரிக்கற? நீ எதுவும் சொல்லலன்னு எம்பொண்ணு சொன்னா. சரி, நீ சொல்லல. ஆனா மூணு நாளு நெழல்ல நின்னு பாத்துக்கினு இருந்தியேம்மா."

மிஸ்ஸின் கட்டியிருந்த கை அவிழ்ந்து தொங்கியது.

முடிவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. வேண்டாம் என்றார்கள். தேர்வு முடிந்த அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பஸ் நிறுத்தம் வரைக்கும் நானும் கூடப் போனேன். எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"அந்தக் கோட்டைப் போடாம இருந்திருந்தா வேலை இருந்திருக்குமே மிஸ். கடைசில உங்க சண்டை வந்திச்சே, அதுக்காவது சந்தோஷப்படுங்க" என்றேன்.

"வந்திச்சி சார். எனக்கும் சேத்துதான் வந்திச்சி."

வழக்கமான அந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். தூரத்தில் வாலாஜாபாத் பஸ் தெரிந்தது. அவர் குடையை மடக்கினார்.

"நான் சொல்லியிருக்கணும் சார்" என்றார். "மொத நாளே, கொடத்தக் கீழ வைன்னு நான் சொல்லியிருக்கணும்."

பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனார்.